ஐந்தின் நுனி

எழுபத்திரண்டு மணி நேரம். உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் குழாய்க்குள் அவ்வளவு நேரம் வளர வேண்டும். முப்பத்தேழு டிகிரிச் சூட்டில், இளஞ்சிவப்புத் திரவத்தில். முன்னதாக எடுத்தால் செல்கள் பிரியத் தொடங்கியிருக்காது. தாமதித்தால் சோர்ந்துபோகும். பிரியும் நேரத்தில் மட்டும்தான் குரோமோசோம்கள் தடித்து, குட்டையாகி, கண்ணுக்குத் தெரியும் உருவம் எடுக்கும். மற்ற நேரங்களில் அவை உள்ளே இருக்கின்றன என்று நம்ப வேண்டியதுதான்.

அக்காவின் ரத்தம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்குபேட்டருக்குள் போனது. நான் அருகில்தான் நின்றேன். தொடவில்லை. சொந்தக்காரர்களின் ரத்தத்தைத் தொடக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் விதி. குழாயை உள்ளே வைத்தவன் சொட்டு.

சொட்டு என்பது அவன் பெயரல்ல. வளர்ந்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் உயரத்திலிருந்து ஒரு சொட்டாக விழவைக்க வேண்டும். விழுந்த வேகத்தில் செல் உடைந்து, குரோமோசோம்கள் விரிந்து கிடக்கும். அதற்காக அவன் ஸ்டூல் மேல் ஏறி நிற்பான். நாங்கள் விட்டால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சிக்கிக்கொள்ளும். அவன் விட்டால் தனித்தனியாக, பாய் விரித்துப் படுக்க வைத்ததுபோல் கிடக்கும்.

"இந்த வாட்டி கன்ட்ரோல் யாருது?" என்று கேட்டான்.

"என்னோடது."

"நல்லதாப் போச்சு. அக்கா தனியா இருக்க வேண்டாம். துணைக்குத் தங்கச்சி."

ஒவ்வொரு முறையும் நோயாளிகளின் ரத்தத்தோடு ஆய்வகத்து ஆள் ஒருவரின் ரத்தத்தையும் வளர்ப்போம். முறை வைத்துக் கொடுப்போம். நோயாளியின் குழாயில் ஒன்றும் வளராவிட்டால், கோளாறு ரத்தத்திலா எங்கள் திரவத்திலா என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் கன்ட்ரோல். அந்தக் குழாயில் நாங்கள் பார்ப்பது இரண்டே விஷயம்: செல்கள் பிரிந்தனவா, சாயம் ஏற்றியபின் வரிகள் தெளிவாக விழுந்தனவா. குரோமோசோம்களை ஜோடி சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. நன்றாக இருக்கிறவர்களின் ரத்தம்தானே.

அக்காவுக்குப் பதினோரு வாரம். இதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மா போன் செய்தால் எடுத்து அத்தானிடம் கொடுத்துவிடுவாள். "நடுவுல நான் ஒரு தந்திக் கம்பம்," என்பார் அத்தான். அதற்கும் அவள் சிரிப்பதில்லை.

எல்லாம் ஒரு பூனைக்குட்டியால் வந்தது.

எங்கள் இருவருக்கும் முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருந்தான். அவன் ஆறு மாதமாக வயிற்றில் இருந்தபோது நடந்தது இது. அம்மா அப்போதும் வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்குக் கீழே துணி வைக்கும் சின்ன அறை. ஒரு சாயங்காலம் அதைப் பூட்டிவிட்டு வந்து படுத்தாள். உள்ளே ஒரு பூனைக்குட்டி இருந்திருக்கிறது. இருட்டிய பிறகு அது கத்தியது. அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்துவிட்டாள். காலையில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததால் நினைவும் இல்லை. அடுத்த முறை துணி எடுக்கக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தாள்.

அண்ணன் பிறந்து முதல் தடவை அழுதபோது, பிரசவ அறையில் இருந்த நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாளாம், பூனை எதுவும் உள்ளே வந்துவிட்டதா என்று. அம்மா திரும்பவில்லை. அவளுக்கு அந்தக் குரல் தெரியும்.

நாலு மாதம் இருந்தான். பால் குடிக்கத் தெரியாது. மெலிந்த குரலில் கத்திக்கொண்டே இருந்தான். பிறகு இல்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். கொசுவுக்காக என்று நினைத்தே நானும் அக்காவும் வளர்ந்தோம்.

இதையெல்லாம் அம்மா முதல் தடவையாகச் சொன்னது ஆஸ்பத்திரியில், அக்காவுக்கு இரண்டாவதும் கலைந்த அன்று. கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டே சொன்னாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"உன் தப்பு ஒண்ணும் இல்லடி. அது என்னைத் தேடித்தான் வந்தது. வழி தெரியாம உன்கிட்ட வந்துடுச்சு."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள். "கதவைப் பூட்டினது நீ. வயிறு என்னோடது."

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. தெரிந்ததை மட்டும் சொன்னேன். ஐந்தாவது குரோமோசோமில் ஒரு நுனி இல்லாமல் பிறக்கும் குழந்தை அப்படித்தான் அழும், குரல்வளை சரியாக வளரத் தேவையான மரபணுக்கள் அந்த நுனியில்தான் இருக்கின்றன, பூனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன்.

அம்மா தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "சரி. படிச்சிருக்கே, சொல்றே. அந்த நுனி எங்க போச்சு? யாரு எடுத்தா?"

பெரும்பாலும் தானாகவே உடைந்துபோகும், யாரும் எடுப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. தானாக என்பது அவளுக்கு ஒரு பதிலே இல்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யாரு எடுத்தா. பஸ்ஸில் போகும்போது கேட்கும். ஆய்வகத்தில் இன்குபேட்டரின் ரீங்காரத்துக்குள் கேட்கும். அக்கா மறுபடி உண்டானதும் அவளையும் அத்தானையும் ரத்தம் கொடுக்கச் சொன்னேன். அத்தானுடையது முந்தின வாரமே பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சொட்டு குழாய்களை வெளியே எடுத்தான். வேலை செய்யும்போது அவன் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். பாட்டா கணக்கா என்று தெரியாது. மத்தியானம் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தான். முணுமுணுப்பு நின்றது.

"இங்க வா," என்றான். உடனே, "இல்ல, வராதே. மேடத்தைக் கூப்பிடு," என்றான்.

மேடம் எங்கள் ஆய்வகத்தின் தலைமை டாக்டர். வந்து பார்த்தார். என்னையும் பக்கத்தில் அழைத்தார். "தொடக் கூடாதுன்னுதான் விதி. பாக்கக் கூடாதுன்னு இல்ல. வாம்மா."

திரையில் அக்காவின் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக நின்றன. எண்ணிக்கை சரி, நாற்பத்தாறு. ஐந்தாவது ஜோடியில் ஒன்று குட்டையாக இருந்தது. பத்தாவது ஜோடியில் ஒன்று நீளமாக இருந்தது. ஐந்தின் நுனி கழன்று பத்தின் முனையில் ஒட்டியிருந்தது. பத்தின் முனையிலிருந்து ஒரு பொட்டு ஐந்துக்கு வந்திருந்தது.

குரோமோசோம் என்பது மரபணுக்களை வரிசையாகக் கோத்த ஓர் இழை. மரபணு தனியாக எங்கும் போகாது. அது உட்கார்ந்திருக்கும் குரோமோசோம் எங்கே போகிறதோ அங்கேதான் அதுவும் போகும். அக்காவிடம் எதுவும் குறையவில்லை. இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அதனால் அவளுக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் கருமுட்டைக்கு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போகும். குட்டை ஐந்து போய், அதன் நுனியைச் சுமந்துகொண்டிருக்கும் பத்து போகாமல் நின்றுவிட்டால், குழந்தைக்கு அந்த நுனி வந்து சேராது.

"முக்கியமா நாலு விதமாப் பிரியலாம்," என்றார் மேடம். "ரெண்டுல குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டுல ஆகும். அடுத்த செவ்வாய்க்கிழமை வயித்துல ஊசி விட்டு, கருவோட செல்லை எடுத்துப் பாத்துடலாம். பக்கத்துல யாராவது இருக்கணும். அம்மாவை வரச் சொல்லு."

எந்தப் பரிசோதனை என்றாலும் துணைக்கு வருவதாக அம்மா முன்பே சொல்லியிருந்தாள். "அவங்க வந்தா நான் வரலை," என்று அக்கா சொல்லியிருந்தாள். இரண்டையும் நான் மேடத்திடம் சொல்லவில்லை. திரையில் இருந்த குட்டை ஐந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனை நான் பார்த்ததில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது.

"சாதாரண ஐந்தைப் பக்கத்துல வெச்சா இன்னும் பளிச்சுனு தெரியும் மேடம்," என்று சொட்டு கன்ட்ரோல் தகட்டை எடுத்து வைத்தான். என்னுடையது. நல்ல செல் ஒன்றைத் தேடிப் படம் எடுத்தான். ஐந்தாவது ஜோடியைப் பிரித்து, அக்காவின் ஜோடிக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

என் ஜோடியிலும் ஒன்று குட்டையாக இருந்தது.

"குழாய் மாறிடுச்சு," என்றான் சொட்டு. அவன் காது சிவந்திருந்தது. "ரெண்டும் பொம்பளை ரத்தம். ரெண்டு குழாய்லயும் அக்கா ரத்தத்தையே ஊத்தியிருக்கேன். ரெண்டும் ஒரே ஆளுது."

"உனக்கு அந்தப் பழக்கம் இல்லையே," என்றார் மேடம்.

நான் எழுந்து தகட்டுப் பெட்டியைத் திறந்தேன். போன மாதம் என் முறை வந்திருந்தது. அக்காவின் ரத்தம் இந்தக் கட்டடத்துக்குள் வராத மாதம். அந்தத் தகட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் பார்த்தான். தள்ளி வைத்துவிட்டு, அதற்கும் முந்தைய ஒன்றைக் கேட்டான். அதையும் கொடுத்தேன்.

எல்லாவற்றிலும் குட்டை ஐந்து. எல்லாவற்றிலும் நீளமான பத்து.

"மூணு வருஷமா உன்னை வெச்சுத்தானே எல்லாரையும் சரி பாத்தோம்," என்றான் மெதுவாக.

"வளந்துதா, வரி விழுந்துதான்னு பாத்தோம்," என்றார் மேடம். "ஆளை யாரும் பாக்கலை." அவர் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒருவேளை தன் மேலேயே.

சொட்டு ஸ்டூலைக் காலால் என் பக்கம் நகர்த்தினான். "உக்காரு. இனிமே உனக்குக் கன்ட்ரோல் முறை கிடையாது. ஊசி வலி மிச்சம்னு வெச்சுக்கோ."

சிரித்தேன். கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மேடம் என் தோளைத் தொடாமல் பக்கத்தில் நின்றார். "அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்காங்கள்ல? கூட்டிட்டு வா. அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தா அது வீட்டுலேர்ந்துதான் வருது."

சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவைப் பார்த்தேன். அதற்கு இப்போது பூட்டு கிடையாது. அம்மா என்றைக்கோ கழற்றி எறிந்துவிட்டாள்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "நல்லா எடும்மா," என்றாள் ரத்தம் எடுக்கும் பெண்ணிடம். "எனக்கு வலிக்காது."

அப்பா உட்காரவே இல்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். மேலும் பேச மாட்டார், கீழும் பேச மாட்டார் என்பாள் அம்மா. அன்று வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். "நடுவுல மாட்டிக்கிட்டவங்க எத்தனை பேரை இறக்கி விட்டிருக்கேன். ஊசின்னா மட்டும் எனக்கு ஆகாது. இவளுக்குப் பாருங்க, போதும்."

"ஒருத்தருக்குப் பாத்தாலும் போதும் சார்," என்றார் மேடம். "இன்னொருத்தரோடது தானாத் தெரிஞ்சுடும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நடைபாதையில் அம்மா பஞ்சைக் கையில் அழுத்தியபடி என்னை ஓரமாக நிறுத்தினாள். "அதுல தெரியுமாடி?"

"எது?"

"நான் பண்ணது."

"இல்லம்மா. நாம பண்ணது எதுவும் அதுல தெரியாது. நமக்கு வந்தது மட்டும்தான் தெரியும்."

அவள் நம்பவில்லை. பஞ்சை எடுத்துப் பார்த்தாள், அதில் ஏதோ எழுதியிருப்பது மாதிரி.

மறுபடியும் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்கு வைத்து இன்குபேட்டரின் பக்கம் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் குழாய் சாய்ந்து கிடந்தது. உள்ளே செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும், அவளிடம் இருந்ததையெல்லாம் அப்படியே நகலெடுத்துக்கொண்டு. சத்தமே இருக்காது. எனக்கு மட்டும் ஏதோ மெல்லியதாகக் கேட்டது. இன்குபேட்டருக்குள் சுழலும் மின்விசிறிதான்.

வெள்ளிக்கிழமை சொட்டு இருபது செல்களைப் பார்த்தான். பத்து பார்த்தாலே போதும். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "உங்கம்மாவோட ஐந்து ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு," என்றான். "நுனி நுனியா அளந்துட்டேன். ஒரு குறை கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீட்டுக்கு வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். ஊசிக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், உனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றேன். இவ்வளவு நீளமாக நான் பேசியதில் ஆச்சரியப்பட்டு வந்தாள் என்று நினைக்கிறேன்.

பொழுது இறங்கும் நேரத்தில் வந்தாள். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில், பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்தாள். அம்மா மெஷினுக்குப் பின்னால் இருந்தாள். ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஜன்னல் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து உக்காருடி," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்," என்றாள் அக்கா, என்னைப் பார்த்து.

காலையிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அம்மாவோடது நார்மல்," என்றேன்.

மெஷின் நின்றது.

"சரியாப் பாத்தியா?"

"நான் பாக்கலை. சொட்டு பாத்தான், மேடம் பாத்தாங்க. எல்லாம் அதது இடத்துல இருக்கு."

"இன்னொரு வாட்டி எடுக்கச் சொல்லு."

"எதுக்கும்மா?"

"இருக்கும்டி. எங்கயாவது ஒரு மூலையில இருக்கும். சரியாப் பாக்கலை நீங்க."

காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் சுமந்ததை இறக்கி வைக்கச் சொன்னால், கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவளைப் போல இருந்தாள்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "எனக்கு இருக்கு. அவங்களுக்கு இல்லையா?"

"இல்ல. எனக்கும் இருக்கு."

"உனக்குமா?"

"ஆமா. கன்ட்ரோல்ல தெரிஞ்சுது."

"எப்போ?"

"போன திங்கட்கிழமை."

"ஆறு நாளா உள்ள வெச்சுட்டு எப்படிடி உன்னால சும்மா இருக்க முடிஞ்சுது?"

"கிணத்துல போட்ட கல்லு," என்றாள் அம்மா, பழக்கத்தில். "அப்பனும் பொண்ணும் ஒண்ணு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா பையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். மூவரும் அப்பாவின் முதுகைப் பார்த்தோம். ஸ்க்ரூடிரைவர் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தத் திருகாணி எப்போதோ இறுகிவிட்டது.

"அப்போ யாரு எடுத்தா?" என்று அம்மா என்னைக் கேட்டாள். முன்பு கேட்ட அதே கேள்விதான். குரல் மட்டும் வேறு.

"யாரும் எடுக்கலைம்மா. அந்த நுனி எங்கயும் போகலை. இடம் மாறி, வேற ஒண்ணோட ஒட்டிட்டு இருந்திருக்கு. அண்ணனுக்கு முன்னாடியே. அந்தக் குட்டிக்கு முன்னாடியே." எனக்கு மூச்சு வாங்கியது. "உனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே."

வெளியே வெளிச்சம் குறைந்துவிட்டது. தெருவில் எங்கோ ஒரு கதவு கிறீச்சிட்டது. அம்மா எழுந்தாள். அது அவள் எழுகிற நேரம். ஜன்னலிடம் போய்க் கதவைப் பிடித்தாள். அப்பா நகரவில்லை.

"சாத்தாதே," என்றார்.

"கொக்கி சரியாகலையா?"

"சரியாயிடுச்சு. சாத்தாதே. திறந்திருக்கட்டும்."

ஸ்க்ரூடிரைவரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அது உருண்டது. விழாமல் விரலால் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் குட்டி இல்ல," என்றார் வெளியே பார்த்தபடி. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?" அம்மாவின் கை ஜன்னல் கதவிலேயே இருந்தது. "உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. உங்க யாருக்கும் சொன்னதில்ல. நான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்ச வருஷம் பொறந்தா." ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகினார். "எங்க வீட்டுல பூனையே கிடையாது. அந்தத் தெருவுலயே கிடையாது. அவளும் அப்படித்தான் அழுதா."